பெர்தா என்று கூப்பிட்டால்

யட்டியாந்தோட்டைக்கு மேலே, ரப்பர் முடிந்து தேயிலை தொடங்கும் இடத்துத் தோட்டத் தொழிலாளர் லயத்தில், சுமனின் மகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அவள் உடம்பிலிருந்து வெளிச்சம் வரும். நாற்பது வாட்ஸ் பல்பு அளவுக்கு இருக்கும், சூடு கிடையாது. பள்ளிக்கூடத்தில் டீச்சர் இடாப்பைப் பார்த்துப் பெயர் கூப்பிடும்போது ஐந்தாம் வகுப்பு ஒருமுறை பளிச்சென்றாகி அடங்கும், டீச்சர் அடுத்த பெயருக்குப் போய்விடுவார்.

அந்தப் பெயர் சுமன் செய்த கூத்து. பிள்ளை பிறந்ததும் தர்ஷிகா என்று பதியச் சொல்லி மனைவி நிரோஷா அனுப்பினாள். வழியில் அதை மறந்துபோனவன், பதிவாளர் முன்னால் நின்று, “பேர்தா…” என்று இழுத்தான். அரைகுறைத் தமிழ் தெரிந்த அந்தச் சிங்களப் பெரியவர் ‘பெர்தா’ என்று எழுதி முத்திரை குத்திவிட்டார். நிரோஷா மகளைப் பத்து வருடமும் பாப்பா என்றே கூப்பிட்டாள். மனைவியின் காதுபட அந்தப் பெயரைச் சொல்லச் சுமனுக்கும் தைரியமில்லை. ஆகவே அந்த வீட்டில் மட்டும் வெளிச்சம் வந்ததே இல்லை.

போன மாதம் பெயர் மாற்றும் படிவத்தை நிரப்பிக் கொடுத்த கடைக்கார நுஹ்மான், போனில் தேடிப் பார்த்தார். “இது பழைய ஜெர்மன் பேரு தங்கச்சி. பிரகாசமானவள்னு அர்த்தம். அங்க இப்ப வயசானவங்களுக்குத்தான் இருக்குதாம்.”

“கெழவி பேரா? அப்ப மாத்தியே ஆகணும்” என்றாள் நிரோஷா. வெளிச்சம் போய்விடுமே என்று சுமனுக்குக் கையெழுத்துப் போட மனசு வரவில்லை; நாளைக் கடத்தினான்.

அடுத்த வாரம் நிரோஷா மற்றப் பெண்களோடு மலையில் கொழுந்து எடுக்கும்போது, பகல் இரண்டு மணிக்கே மழையும் மூடுபனியும் இருட்டிக்கொண்டு வந்தன. நிரோஷாவின் காலடிக்கு முன்னால் பாதை சரிந்து விழுந்தது. எந்தப் பக்கம் இறங்குவதென்று தெரியாமல் பதினொரு பெண்கள் நின்றார்கள். நிரோஷா பாப்பா, பாப்பா என்று கத்திப் பார்த்தாள். பிறகு வீம்பை விட்டு, “பெர்தா” என்றாள். ஒரு மைலுக்குக் கீழே, லயத்து வாசலில் சுமனுடன் மழை பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைக்கு அது கேட்டது. பத்து வருட வெளிச்சமும் ஒன்றாக வந்தது. ஒவ்வொரு தேயிலைச் செடியும் தெரிய, பதினொரு பேரும் இறங்கி வந்தார்கள். சேறும் சகதியுமாக வந்த மனைவியைப் பார்த்துச் சுமன் அழுதுவிட்டான்.

மறுநாள் நிரோஷா ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு அந்தப் பதிவாளரின் வீட்டுக்குப் போய், “ஐயா தப்பா எழுதினீங்களே, புண்ணியமாப் போகும்” என்று கும்பிட்டாள். அவருக்கு எதுவும் ஞாபகமில்லை, பழத்தை வாங்கிக்கொண்டார். படிவம் சீனி டின்னுக்கு மூடியாகக் கிடக்கிறது. இப்போதெல்லாம் நிரோஷா நல்ல வெயிலிலும் மகளைக் கூப்பிடுகிறாள்.

“பெர்தா.”

“என்னம்மா?”

“ஒண்ணுமில்ல. சும்மாதான்.”