பள்ளத்தில் தேங்கிய குளிர்

கூடாரத்துப் புகை நேராக எழும்பி, சற்று உயரம் போனதும் கூரையில் முட்டியதுபோல் படர்ந்து நின்றது. காற்று அசையவே இல்லை. பட்டியில் சினை ஆடுகள் ஒன்றோடொன்று நெருக்கியடித்து நின்றன. காலையில் இரண்டு, நின்ற நிலையிலேயே விறைத்துப் போயிருந்தன.

தம்பாவின் மருமகள் நோமின் வானிலை நிலையத்தில் வேலை பார்ப்பவள். குதிரையிலிருந்து இறங்கும்போதே சொன்னாள்.

"மாமா, அழுத்தமானி முள்ளு இதுவரைக்கும் போகாத இடத்துக்குப் போயிருக்கு. சைபீரியாவுல இருந்து நம்ம தலை வரைக்கும் கனத்த காத்து மலையாட்டம் உக்காந்திருக்கு. அது நகர்ற வரைக்கும் குளிரு தண்ணியாட்டம் பள்ளத்துல இறங்கித் தேங்கிக்கிட்டேதான் இருக்கும்."

"நீ சொல்லித்தான் எனக்குத் தெரியணுமா?" என்றார் தம்பா. "மேல ஏறினா குளிரு பாதிதான். ஆனா மேல இருக்கிறவன் கோம்போ."

மேலே இருந்த அந்த மலைச்சரிவு தம்பாவின் அப்பா காலத்திலிருந்து அவர்களுடைய குளிர்கால இடம். ஊர்க்கூட்டம் அதைக் கோம்போவுக்குக் கொடுத்த அன்று, இனி அங்கே கால் வைப்பதில்லை என்று எல்லோர் முன்னிலையிலும் சொல்லிவிட்டு இறங்கியவர் அவர். அந்தக் குடும்பத்தில் யாரும் சொன்ன சொல்லை மாற்றியதில்லை.

"உங்க சொல்லு பெருசுதான் மாமா. அதைப் போத்திக்கிட்டு ஆடு தூங்காதே."

மாமனாரிடம் மருமகள் பேசும் பேச்சல்ல அது. தம்பா முறைத்தார். அதற்குள் இன்னொரு ஆடு முன்னங்கால் மடிந்து சரிந்தது. அவர் இடுப்புப் பட்டையை இறுக்கிக்கொண்டு பட்டியைத் திறந்து, ஆடுகளைச் சரிவின் மேலே ஓட்டினார்.

பாதிச் சரிவில் உறைபனிமூட்டம் சட்டென்று முடிந்தது. மீசையில் கட்டியிருந்த பனி இளகியது. திரும்பிப் பார்த்தார். பள்ளத்தாக்கு முழுவதும் வெண்மை விளிம்புவரை நிரம்பி, ஏரிபோல மட்டமாகக் கிடந்தது. மேலே வெறும் நீலம். ஒரு நாட்டையே அழுத்திக்கொண்டிருக்கும் பாரம், கண்ணுக்குத் தெரியவில்லை. சிறு சத்தம்கூட இல்லை. யாருக்கும் தலை வணங்காத மனிதர், தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார். ஆடுகள்கூடக் கத்தவில்லை.

மேலே நாய் குரைத்தது. கோம்போ வாசலில் வந்து நின்றான்.

"தம்பாவா? என்ன, வழி தவறிட்டியா?"

"வழி சரிதான்." தொண்டையைச் செருமிக்கொண்டார். பிறகு, அந்தப் புல்வெளி நாட்டில் ஒரு வீட்டுக்கு விருந்தாளியாக வருபவர் மட்டுமே சொல்லும் சொல்லை உரக்கச் சொன்னார்: "நாயைப் பிடி!"

கோம்போ சிரிக்கவில்லை. ஓடிவந்து நாயின் கழுத்தைக் கட்டிப் பிடித்தான்.

"சினையாட்டை முதல்ல உள்ள விடு. என்னைய அப்புறமா மொறைச்சுக்கலாம்."