வர்சாவுக்கு ஏற்ற ஆள்

நிசாந்தினி ஒஸ்லோவில் பதினோரு வருடமாக ட்ராம் ஓட்டுகிறாள். நவம்பர் மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, வேறொரு ஓட்டுநருக்குக் காய்ச்சல் என்று அவருடைய காலை வேலையையும் அவளே செய்துகொண்டிருந்தாள். பத்தரை மணியளவில் நகர மையத்துத் தரிப்பிடத்தில் ஆட்களை ஏற்றிக்கொண்டு கதவை மூடும்போது, வண்டியின் உட்புறத்தைக் காட்டும் சிறிய திரையைப் பார்த்தாள். கடைசி இருக்கையில், கம்பளித் தொப்பியைக் கண்வரை இழுத்துவிட்டுக்கொண்டு அவளுடைய மகள் வர்சா இருந்தாள்.

வர்சாவுக்குப் பதினான்கு வயது. அந்த நேரத்தில் அவள் ஒன்பதாம் வகுப்பில் கணிதப் பாடத்தில் இருக்க வேண்டும்.

ட்ராமை நடுவழியில் விட்டுவிட்டு எழுந்து போக முடியாது. நிசாந்தினி ஓட்டினாள். ஒவ்வொரு தரிப்பிடத்திலும் கதவைத் திறந்தபோது மகள் இறங்கிப் போய்விடுவாளோ என்று திரையைப் பார்த்தாள். வர்சா அசையவில்லை. கடைசித் தரிப்பிடமான லியாப்ருவில் எல்லோரும் இறங்கிய பிறகு, நிசாந்தினி தன் சிற்றறையிலிருந்து வெளியே வந்து நீளமான வண்டியின் பின்பக்கம் வரை நடந்து போனாள்.

தாயைக் கண்டதும் வர்சா திடுக்கிட்டாள்.

"நீங்கள் இண்டைக்குப் பின்னேர வேலை எண்டெல்லோ சொன்னனீங்கள்?"

"எத்தினை நாளாப் பள்ளிக்கூடம் போகேல்ல?"

"ஒன்பது நாள். உங்கட போனிலயிருந்து சுகமில்லை எண்டு பள்ளிக்கூடத்துக்கு நான்தான் அனுப்பினனான்."

சொல்லிவிட்டுத் தொப்பியைக் கழற்றினாள். முதல்நாள் வரை தலையில் இருந்த நீண்ட மெல்லிய பின்னல்கள் இல்லை. கத்தரிக்கோலால் தாறுமாறாக வெட்டியிருந்தாள். அந்தப் பின்னல்களைப் போடுவதற்கு நிசாந்தினி தன் கணவனின் தங்கையிடம் இரண்டு வருடம் பயின்றிருந்தாள்.

வண்டி திரும்பிப் புறப்பட இன்னும் நான்கு நிமிடம்தான் இருந்தது. ஏசுவதற்கு நிறையச் சொற்கள் வாய்வரை வந்தன.

"முன்னுக்கு வந்து எனக்குப் பின்னால இரு. வேலை முடிய ரெண்டு பேருமா வீட்டை போவம்."

அன்று மத்தியானம் வரை வர்சா தாய்க்குப் பின்னால் இருந்த முதல் இருக்கையிலேயே ஒஸ்லோவின் இந்த முனைக்கும் அந்த முனைக்குமாகப் போய்வந்தாள். வீட்டுக்குப் போய்ச் சோறு சாப்பிடும்போதுதான் வாய் திறந்தாள். வகுப்பில் ஒரு பொடியன் ஒவ்வொரு இடைவேளையிலும், கறுப்பினத்தவரை இழிவாகச் சொல்லும் அந்தப் பழைய நோர்வேச் சொல்லால் அவளைக் கூப்பிட்டானாம். மற்றவர்கள் பின்னலைப் பிடித்து இழுத்துப் பார்த்தார்களாம். ஆசிரியரிடம் சொன்னபோது, அவன் நல்ல பிள்ளை, பகிடிக்குச் சொல்கிறான் என்றாராம்.

"தலைமயிர் இல்லாட்டி இழுக்கேலாதுதானே" என்றாள் வர்சா.

அவளுடைய அப்பா குவேசி, பத்து வயதில் கானாவிலிருந்து நோர்வேக்கு வந்தவர். வடகடலில் ஓர் எண்ணெய்த் தளத்தில் மின் வேலை. இரண்டு வாரம் கடலில் இருந்துவிட்டு வீட்டுக்கு வருவார். அன்று நிசாந்தினி தொலைபேசியில் அவருக்கு எல்லாவற்றையும் சொன்னாள். அவர் நோர்வே மொழியில் மெதுவாகச் சொன்னார்: "அந்த வயதில் எனக்கு இதைக் கேட்க ஒருவரும் இருக்கவில்லை. நான் சகித்துக்கொள்ளத்தான் பழகினேன். அதை அவளுக்கும் பழக்க எனக்கு விருப்பமில்லை. அவளுக்கு ஒருவரைக் கண்டுபிடி."

அடுத்த வாரம் அவர் கடலிலிருந்து வந்ததும் இருவரும் பள்ளிக்கூடத்துக்குப் போனார்கள். அதிபர் வர்சாவைப் பக்கத்து வகுப்புக்கு மாற்றினார். குடும்ப வைத்தியர் சிறுவர் மனநலப் பிரிவுக்குக் கடிதம் எழுதினார். அங்கே வர்சாவுக்குக் கிடைத்தவர் ஐம்பது வயது தாண்டிய நோர்வேப் பெண்மணி. அன்பானவர், தேநீர் ஊற்றிக் கொடுப்பார். ஆனால் நான்காம் முறை முடிந்து வெளியே வந்தபோது வர்சா சொன்னாள்:

"இனி நான் வரமாட்டன், அம்மா. அவவுக்கு நான் பாடம் எடுக்கிறன். ஏன் தலைமயிரைத் தொடக்கூடாது எண்டு விளங்கப்படுத்த ஒரு மணித்தியாலம். வீட்டில ரெண்டு கலாசாரம் இருக்கிறதால குழப்பமோ எண்டு திருப்பித் திருப்பிக் கேக்கிறா. வீட்டில எனக்கு என்ன குழப்பம்?"

அவளுக்குத் தன் ஆள் ஒருவர் வேண்டும் என்று நிசாந்தினி நினைத்தாள். தன் ஆள் என்றால் தமிழ் ஆள் என்றே அவளுக்குத் தோன்றியது. விசாரித்ததில் ஒஸ்லோவுக்குப் பக்கத்து நகரான லில்லெஸ்ட்ரோமில் சாருகா என்ற உளவியலாளர் இருப்பதாகத் தெரிந்தது. முப்பத்திரண்டு வயது, நோர்வேயில் பிறந்தவள், திருகோணமலைக் குடும்பம். நிசாந்தினிக்கும் சொந்த ஊர் திருகோணமலைதான். முதல்நாளே மனம் நிறைந்துபோயிற்று.

மூன்று வாரம் போனார்கள். நான்காம் வாரம் சாருகா நிசாந்தினியையும் உள்ளே கூப்பிட்டாள். வர்சா நாற்காலியில் கால்களைத் தூக்கிவைத்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி இருந்தாள்.

"அக்கா, இதை உங்களிட்டைச் சொல்லலாம் எண்டு வர்சா சம்மதம் தந்தவ" என்றாள் சாருகா. "அவ என்னோட கதைக்கிறா இல்லை. என்னில கோவம் இல்லை. அவவை நோகப்பண்ணின கதையளில கொஞ்சம் தமிழிலயும் சொல்லுப்பட்டது. என்ர முகத்தைப் பாத்தா அந்த ஆக்களின்ர ஞாபகம் வருதாம்."

"ஆர் என்ன சொன்னது?"

வர்சா தலை நிமிராமலே சொன்னாள். "பவளம் பெரியம்மா. என்ர சாமத்தியவீட்டில. நல்ல பிள்ளை, ஆனா தலைமயிர் சட்டி மினுக்கிற கம்பி மாதிரி எண்டு. எல்லாரும் சிரிச்சவை. நீங்களும் சிரிச்சனீங்கள். பேந்து அல்பத்தில என்ர முகத்தை வெள்ளையாக்கி வைச்சிருந்தாங்கள். அதையும் வடிவா இருக்கு எண்டு சொன்னனீங்கள்."

வர்சா பெரியபிள்ளையானதற்குச் செய்த அந்தச் சடங்கில் தான் சிரித்தது நிசாந்தினிக்கு நினைவில் இருக்கவில்லை. அதுதான் அவளை அதிகம் சுட்டது. மகள் இரண்டு வருடமாகச் சுமந்துகொண்டிருந்ததைத் தான் அன்றே மறந்திருக்கிறாள்.

சாருகா தொடர்ந்தாள். "நான் இதை விடாமல் செய்யலாம், அக்கா. ஆறு மாதத்தில ஒருவேளை கதைப்பா. ஆனா அவ ஏன் அவ்வளவு நாள் காக்கோணும்? நான் மோசமான ஆள் இல்லை. அவவுக்கு ஏற்ற ஆள் நான் இல்லை. கறுப்பினத்தில பிறந்து இஞ்சை வளர்ந்த ஒருவர் வேணும். தேடுவம். கிடைக்கிற மட்டும் நான் விட்டிட்டுப் போகமாட்டன்."

தன் தொழிலில் ஒருவர் இப்படிச் சொல்வதற்கு எவ்வளவு தெளிவு வேண்டும் என்பது நிசாந்தினிக்குப் பின்னாளில்தான் விளங்கியது. அன்று அவள் மனம் முழுவதும் அந்தச் சாமத்தியவீட்டில் இருந்தது. லில்லெஸ்ட்ரோம் ரயில் மேடையில் வண்டிக்காகக் காத்து நின்றபோது அவள் மகளுக்கு முன்னால் வந்து நின்றாள்.

"நான் சிரிச்சது பிழை. ஏன் சிரிச்சனான் எண்டு காரணம் சொல்லேலாது. எல்லாரும் சிரிச்சவை, நானும் சிரிச்சிட்டன். என்னை மன்னிச்சுக்கொள்."

ரயில் வந்தபோது வர்சா தாய்க்கு எதிரே இருக்காமல் பக்கத்தில் இருந்தாள்.

தேடல் தொடங்கியது. வேலை இடைவேளைகளில், ஓட்டுநர்கள் ஓய்வெடுக்கும் அறையின் மூலையில் நின்றுகொண்டு நிசாந்தினி ஒவ்வோர் இடமாகத் தொலைபேசி எடுத்தாள். உங்களிடம் கறுப்பின உளவியலாளர் யாரும் வேலை செய்கிறார்களா என்று நேராகவே கேட்டாள். மறுமுனையில் இருந்தவர்கள் தடுமாறினார்கள். நாங்கள் ஆட்களை நிறத்தால் பதிவு செய்வதில்லை என்றார் ஒருவர். நல்ல உளவியலாளருக்கு நிறம் முக்கியமில்லை என்றார் இன்னொருவர். நீங்களும் வெளிநாட்டவர்தானே, மகள் உங்களுடன் கதைக்கலாமே என்று ஒரு பெண் கேட்டாள். நிசாந்தினி குரலை உயர்த்தவில்லை. "பதிவு செய்யச் சொல்லி நான் கேட்கவில்லை. உங்களுக்குத் தெரிந்த யாராவது இருக்கிறார்களா என்றுதான் கேட்கிறேன்" என்று அதே பதிலை ஒவ்வொருவருக்கும் சொன்னாள். மூன்று வாரத்தில் அந்த வாக்கியம் அவளுக்கு மனப்பாடமாகிவிட்டது.

பவளத்துக்கும் செய்தி எட்டியது. அக்காள் தொலைபேசியில் வந்தாள்.

"எங்கட பெட்டையே டொக்டரா இருக்க, அதை விட்டிட்டுக் கறுப்பியளையோ தேடுறாய்?"

"வர்சாவும் கறுப்புப் பிள்ளைதான், அக்கா. அவ என்ர பிள்ளை. அவவின்ர தலைமயிரைப் பற்றி இனி என்ர வீட்டில ஒருத்தரும் கதைக்கக்கூடாது."

பவளம் இணைப்பைத் துண்டித்தாள். ஒரு மாதம் இரண்டு வீட்டுக்கும் பேச்சில்லை.

கடைசியில் வழி காட்டியது எந்த அலுவலகமும் அல்ல. வெட்டிய முடியை ஒழுங்குபடுத்துவதற்காகக் குவேசி மகளைக் ஒஸ்லோவின் குரோன்லான்ட் பகுதியில் காம்பியா நாட்டுப் பெண் ஒருத்தியின் முடிதிருத்தகத்துக்குக் கூட்டிப்போனார். நிசாந்தினியும் போனாள். அந்தப் பெண் வர்சாவின் தலையைக் கையில் பிடித்துப் பார்த்தாள். ஏன் வெட்டினாய் என்று கேட்கவில்லை.

"இப்படி வருடத்துக்கு மூன்று நான்கு பிள்ளைகள் என்னிடம் வருகிறார்கள்" என்று நோர்வே மொழியில் தாயைப் பார்த்துச் சொன்னாள். "முடியை நான் சரிசெய்வேன். மற்றதற்குப் பிந்தாவிடம் போங்கள். திராமன் நகரில் பிறந்து வளர்ந்தவள், அங்கேயே இளையோருக்கான ஆலோசனை நிலையத்தில் உளவியலாளராக இருக்கிறாள்."

நிசாந்தினி அந்தப் பெயரை உடனே சாருகாவுக்கு அனுப்பினாள். நிறம் ஒத்துப்போனால் மட்டும் போதாது என்று சொல்லி, சாருகா பிந்தாவின் தொழில் அனுமதியைச் சரிபார்த்தாள். அவளோடு வேலை செய்த ஒருவரிடமும் விசாரித்தாள். மறுநாள் குறுஞ்செய்தி வந்தது: "நல்ல ஆள். என்னைவிட அனுபவம் கூட. போன் எடுங்கோ."

நிசாந்தினி எடுத்தாள். பிந்தா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டாள். தாய் கறுப்பினத்தவர் அல்லாத பிள்ளைகளோடு வேலை செய்திருக்கிறீர்களா என்று நிசாந்தினி கேட்டாள்.

"நிறையப் பேரோடு. அவர்கள் பெரும்பாலும் தாயைக் காப்பாற்றப் பார்ப்பார்கள், உண்மையைச் சொன்னால் அம்மாவுக்கு நோகுமே என்று. அதனால் உள்ளே என்ன கதைத்தோம் என்று நீங்கள் அவளிடம் கேட்கக்கூடாது. அவளாகச் சொல்லும் வரைக்கும். உங்களால் முடியுமா?"

"முடியும்" என்றாள் நிசாந்தினி. சொன்ன பிறகுதான் அது எவ்வளவு கடினம் என்று யோசித்தாள்.

ஏழு வாரம் காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த ஏழு வாரமும் வெள்ளிக்கிழமைகளில் சாருகா வர்சாவுக்குத் தொலைபேசி எடுத்தாள். நித்திரை கொள்கிறாயா, சாப்பிடுகிறாயா, எத்தனை நாள் பள்ளிக்கூடம் போனாய் என்று மட்டும் கேட்பாள். தன்னோடு கதைக்க விரும்பாத ஒரு பிள்ளைக்காக அவள் அதைச் செய்தாள்.

மே மாதத்தில் முதல் தடவையாகத் திராமனுக்கு ரயிலில் போனார்கள். வர்சா உள்ளே போனதும் நிசாந்தினி கீழே வந்து ஆற்றங்கரையில் ஒரு மர வாங்கில் உட்கார்ந்திருந்தாள். ஒரு மணித்தியாலம் கழித்து வர்சா வந்தாள். கண் சிவந்திருந்தது. பசிக்குது என்றாள். கறுவாப் பணிஸ் இரண்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, ஒஸ்லோ வரும்வரை தாயின் தோளில் சாய்ந்து நித்திரை கொண்டாள். நிசாந்தினிக்குக் கேட்க ஆயிரம் கேள்வி இருந்தது. ஒன்றையும் கேட்கவில்லை.

ஐந்தாவது வாரம், ரயில் புறப்பட்டதும் வர்சா தானாகவே சொன்னாள்:

"நான் 'அந்தச் சொல்' எண்டுதான் சொன்னனான், அம்மா. பிந்தாவுக்கு எந்தச் சொல் எண்டு தெரியும். அவவையும் பள்ளிக்கூடத்தில அப்பிடித்தான் கூப்பிட்டவையாம். நான் ஒண்டையும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. நேரா என்ர கதைக்குப் போகலாம்."

"பிந்தா நல்லவவோ?"

"எப்பவும் இல்லை. இண்டைக்கு எனக்குச் சரியான கோவம் வந்தது. பள்ளிக்கூடத்தில ஆரும் அப்பிடிக் கூப்பிட்டா திருப்பி என்ன சொல்லுவாய் எண்டு பத்துத் தரம் சொல்லிப் பாக்க வைச்சவ."

எல்லாம் ஒரேயடியாகச் சரியாகிவிடவில்லை. ஓகஸ்டில் பத்தாம் வகுப்பு தொடங்கியபோது முதல் வாரமே இரண்டு நாள் வர்சா போகவில்லை. மூன்றாம் நாள் போனாள். இடைவேளையில் பழைய வகுப்புப் பொடியன் அந்தச் சொல்லை மறுபடியும் சொன்னபோது, எல்லோருக்கும் முன்னால் அவனை அப்படியே நிற்கவைத்து, இதைத் திரும்பச் சொல், நான் எழுதி அதிபரிடம் கொடுக்கப் போகிறேன் என்றாள். அவன் சொல்லவில்லை. அவள் எழுதிக் கொடுத்தாள். இந்த முறை பள்ளிக்கூடம் அவனுடைய பெற்றோரைக் கூப்பிட்டது. வீட்டுக்கு வந்து வர்சா இதைச் சொன்னாள். கடலிலிருந்து வந்திருந்த குவேசி அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டார். தன்னால் செய்ய முடியாததை மகள் செய்திருக்கிறாள் என்று அன்று நிசாந்தினியிடம் சொன்னார்.

பவளம் இப்போது வந்துபோகிறாள். மன்னிப்பு ஒன்றும் கேட்கவில்லை. தலைமயிர்ப் பேச்சை மட்டும் விட்டுவிட்டாள்.

நிசாந்தினியின் தொலைபேசி எண்ணைச் சாருகா, அவளிடம் கேட்டுக்கொண்டு, இரண்டு மூன்று குடும்பங்களுக்குக் கொடுத்திருக்கிறாள். ஒக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ட்வெய்ட்டாவிலிருந்து எரித்திரியத் தகப்பன் ஒருவர் தொலைபேசி எடுத்தார். அவருடைய மகளுக்குப் பதின்மூன்று வயது. யாரிடம், என்ன கேட்பது என்று அவருக்குத் தெரியவில்லை. நிசாந்தினி தான் மனப்பாடமாக வைத்திருந்த வாக்கியத்தையும், பிந்தாவின் நிலையத்து எண்ணையும், தொழில் அனுமதியைச் சரிபார்க்கும் விதத்தையும் நிதானமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மேசையின் மறுபக்கத்தில் வீட்டுப்பாடம் செய்துகொண்டிருந்த வர்சா கையை நீட்டினாள்.

"அவரின்ர மகள் பக்கத்தில நிக்கிறாவோ எண்டு கேளுங்கோ. நிண்டா போனை என்னட்டைத் தாங்கோ. நான் கதைக்கிறன்."

மறுமுனையில் அந்தப் பெண் வந்தாள். வர்சா தொலைபேசியோடு தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நாற்பது நிமிடம் கழித்து வெளியே வந்தாள். என்ன கதைத்தீர்கள் என்று நிசாந்தினி கேட்கவில்லை. தேத்தண்ணி போடட்டோ என்று மட்டும் கேட்டாள்.