இருபத்தொன்றில் ஒன்று

தோட்டா விஷயத்தில் நான் மூன்று வாரம் தூங்கவில்லை என்றால் என் அக்கா ரோண்டா சிரிப்பாள். அவளும் தூங்கவில்லை, ஆனால் அவளுடைய காரணம் வேறு. அறுபது ஏக்கர் வேர்க்கடலை. இரண்டு முறை விதைத்தாள், இரண்டு முறையும் காட்டுப்பன்றிகள் சாலோடு சாலாக மூக்கை விட்டுக்கொண்டே நடந்து, ஒவ்வொரு விதையாக எடுத்துத் தின்றுவிட்டுப் போயின. விதைக்கிற இயந்திரம் போன பாதையிலேயே போகும். அவ்வளவு ஒழுங்கு. இன்னும் ஒரே ஒரு விதைப்புக்குத்தான் விதை மிச்சம் இருந்தது. ஜூன் பாதி தாண்டினால் டெக்சாஸின் எங்கள் பக்கத்தில் கடலை போட்டுப் பிரயோஜனமில்லை. நிலம் எங்களுடையதும் இல்லை. நிலக்காரர் யான்டிஸ் நேராகவே சொல்லிவிட்டார்: "இந்த வருசமும் பயிர் நிக்கலைன்னா மாட்டுக்கு விட்டுடறேன் ரோண்டா. தப்பா எடுத்துக்காத."

அவள் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. பொறி வைத்தாள்.

ஓடைப் பள்ளத்தில் வட்டமாகக் கம்பித் தட்டிகள், ஒரு பக்கம் மேலே தூக்கிவைத்த கனமான கதவு, நடுவில் மக்காச்சோளம், மரத்தில் ஒரு கேமரா. கேமரா காட்டுவது போனில் தெரியும். போனிலேயே பொத்தானை அமுக்கினால் கதவு விழும். ஆனால் கூட்டம் முழுக்க உள்ளே வரும்வரை அமுக்கக்கூடாது. ஒன்று வெளியே நின்றாலும் அது கற்றுக்கொள்ளும், பிறகு வருகிற எல்லாவற்றுக்கும் கற்றுக்கொடுக்கும். பொறி வைத்திருக்கும் இடத்தில் சுடவும் கூடாது. இதெல்லாம் எங்கள் ஊரில் ஐந்து வயதுக் குழந்தைக்குத் தெரியும்.

எனக்கும் தெரியும். அதுதான் விஷயம்.

எங்கள் கூட்டத்தில் இருபத்தொரு பன்றிகள். ஒன்பது நாளாக இருபது உள்ளே போய்ச் சோளம் தின்றன. மீதி ஒன்று, காது கிழிந்த பெரிய பெட்டை, வாசலில் மூக்கை வைத்து முகர்ந்துகொண்டே நின்றது. உள்ளே கால் வைக்கவில்லை. ஒன்பது நாளும்.

நான் இதற்கிடையில் டெல்பர்ட்டின் துப்பாக்கிக் கடையிலேயே குடியிருந்தேன். என்னிடம் இருந்தது இருநூற்று இருபத்து மூன்று என்கிற சின்னத் தோட்டா போடும் ரைபிள். நரி, ஓநாய்க்கு அது போதும், பன்றிக்குப் போதும் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. ஆண்பன்றித் தோளில் விரல் தடிமனுக்கு இறுகிய தோல் கேடயம் மாதிரி இருக்கும் என்று எங்கோ படித்திருந்தேன்.

"எவ்ளோ தூரத்துலேர்ந்து சுடப்போற?" என்றார் டெல்பர்ட்.

"நூத்தி இருபது கஜம்."

"அப்ப அதுவே போதும். காதுக்குப் பின்னாடி வை."

"தோள்ல பட்டா?"

"தோள்ல படாம வை."

"இல்ல மிஸ்டர் டெல்பர்ட், ஆறரை கிரெண்டல் தோட்டா எடுத்தா வேகம் குறையாது. முன்னூறு பிளாக்அவுட்னா சத்தம் கம்மி, ஆனா தூரம் போகாது. முன்னூத்தி எட்டுல நூத்தம்பது கிரெயின் எடை, முனையில ஈயம் தெரியிற மாதிரி எடுத்தா உள்ள போனதும் விரியும்..."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கோல்பி, தோட்டாப் பெட்டியில எழுதியிருக்கிறதப் படிச்சுட்டா பன்னி சாகுது?"

பின்னால் பூட்ஸ் பார்த்துக்கொண்டிருந்த இரண்டு பேர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் மறுநாள் என் மீன்பிடிப் படகைக் கொடுத்து, பதிலுக்கு முன்னூற்றெட்டு சுடுகிற ரைபிள் ஒன்றை வாங்கிக்கொண்டேன். ஈயமுனைத் தோட்டா இரண்டு பெட்டி. பழைய தகரப் பீப்பாய்கள்மேல் சுட்டுப் பார்த்தேன். மூன்று குண்டும் ஒரு காப்பிக் கோப்பை வாயளவுக்குள் விழுந்தன. ரோண்டாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"நல்லாருக்கு," என்றாள். "பீப்பாய் இனிமே கடலை தின்னாது."

பத்தாம் நாள் அவளுடைய விதைப்பு இயந்திரத்தில் பேரிங் போய்விட்டது. டவுனுக்குப் போகவேண்டும். போனை என் கையில் கொடுத்தாள்.

"எண்ணு. இருபத்தொண்ணும் உள்ள வந்தா அமுக்கு. இல்லைன்னா பேசாம உக்காந்துட்டு வா."

"சரி."

"துப்பாக்கி எடுத்துட்டுப் போகாத, கோல்பி."

"பாம்பு கீம்பு இருந்தா?"

"பாம்புகிட்ட மன்னிப்பு கேளு."

எடுத்துக்கொண்டு போனேன். சுடுவதற்காக இல்லை. சும்மா, கூட இருக்கட்டும் என்று. பெக்கான் மரத்தில் அடித்துவைத்த பலகையில் ஏறி உட்கார்ந்தேன். வெயில் இறங்கவில்லை, எட்டு மணிக்கும் வெளிச்சம் இருந்தது. குட்டிகள் முதலில் வந்தன, பிறகு பெரியவை. எண்ணினேன். பதினாறு, பதினேழு, இருபது. எல்லாம் உள்ளே. காது கிழிந்த பெட்டை வாசலில் நின்றது. பக்கவாட்டாக. நூற்றிருபது கஜம். காற்று இல்லை.

அப்போது எனக்கு ஒரு யோசனை வந்தது. வெளியே நிற்கிற ஒன்றுதான் பிரச்சினை என்றால், அந்த ஒன்றைச் சுட்டுவிட்டு அதே நொடியில் கதவை விழவைத்தால் கணக்கு முடிந்ததே. இருபது உள்ளே, ஒன்று செத்தது. கற்றுக்கொள்ள யாரும் மிச்சமில்லை. வீட்டு முற்றத்தில் பொறியை நிறுத்தி நானே பழகியிருக்கிறேன்: அமுக்கினால் கண் இமைப்பதற்குள் கதவு தரையில். ரோண்டா திரும்பி வரும்போது எல்லாம் முடிந்திருக்கும். யான்டிஸ் வந்து பார்ப்பார். அந்த முகங்களை எல்லாம் கூட நினைத்துப் பார்த்துவிட்டேன்.

போனைத் தொடையில் வைத்து இடது கட்டைவிரலால் அமுக்கினேன். ரைபிளைக் கிளையில் தாங்கவைத்து வலது கையால் சுட்டேன்.

தோட்டா சொன்னபடி செய்தது. பெட்டை ஓரடிகூட எடுக்கவில்லை, நின்ற இடத்திலேயே சரிந்தது.

கதவு விழவில்லை.

போனில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. ஓடைப் பள்ளத்தில் சிக்னல் ஒரே ஒரு கோடு. முற்றத்தில் நாலு கோடு. அதை நான் யோசிக்கவே இல்லை. வட்டம் சுற்றுகிறது, நான் பொத்தானைக் குத்து குத்தென்று குத்துகிறேன், உள்ளே இருந்த இருபதும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு, செத்துக் கிடந்ததைத் தாண்டி, வாசல் வழியே ஓடுகின்றன. சின்னக் குட்டி ஒன்று தடுக்கி விழுந்து எழுந்தது. அதற்குக்கூட நேரம் இருந்தது. கடைசி வால் புதருக்குள் மறைந்த பிறகு கதவு தடாலென்று விழுந்தது. 'கதவு மூடப்பட்டது' என்று போன் எனக்குச் செய்தி அனுப்பியது.

ரோண்டா வந்தபோது நான் பெட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவள் பிக்கப்பிலிருந்து இறங்கி, கதவைப் பார்த்தாள், காலிப் பொறியைப் பார்த்தாள்.

"எத்தன உள்ள இருந்துச்சு?"

"இருபது."

"இது எங்க நின்னுச்சு?"

"வாசல்ல. ரோண்டா, நான் ரெண்டையும் ஒண்ணா..."

"தெரியுது."

"சிக்னல் வரலை. குண்டு கரெக்டா பட்டுச்சு, இங்க பாரு, ஒரே..."

"கோல்பி." திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "காலைப் பிடி. வண்டியில ஏத்துவோம். இங்க கெடந்தா நாத்தம் புடிச்சுக்கும்."

மறுநாளே மூன்றாவது விதைப்பைப் போட்டாள். காத்திருக்க நாள் இல்லை. பொறிக் கதவைத் திரும்பத் தூக்கினோம், சோளத்தை மாற்றினோம். கேமராவில் ரக்கூன் வந்தது, மான் வந்தது. பன்றி வரவில்லை. தட்டியைப் பத்தடி தள்ளி வைத்தோம். அப்புறம் ஓடைக்கு அந்தப் பக்கம் வைத்தோம். டெல்பர்ட்டிடம் கேட்டேன். "இனிமே அந்தக் கூட்டம் கம்பியைப் பாத்தாலே சுத்திப் போகும்பா," என்றார். என்ன தோட்டாவால் சுட்டேன் என்று அவர் கேட்கவில்லை.

ஐந்தாம் நாள் காலை ஆறு மணிக்கு ரோண்டா என்னை எழுப்பினாள். பிக்கப்பில் வயல் ஓரமாகப் போனோம். ஓடைப் பக்கத்து சால்கள் நூல் பிடித்தமாதிரி கிளறிக் கிடந்தன. மண் இன்னும் ஈரம். வயலின் அந்தக் கோடியில் அவை நின்றன, விடிந்த வெளிச்சத்தில், ஒளியாமல். எண்ணினேன், வேறென்ன செய்ய. இருபது. முன்னால் வேறொரு பெட்டை.

ரைபிள் என் முழங்காலுக்கு நடுவில் இருந்தது. அறுநூறு கஜம் இருக்கும். அந்தத் தூரத்தில் என் குண்டு எத்தனை அங்குலம் இறங்கும் என்று எனக்கு மனப்பாடம். பன்றிகளுக்கு நேர் பின்னால் வேலி, வேலிக்குப் பின்னால் யான்டிஸின் மாடுகள். ரைபிளை எடுக்கவில்லை. எடு என்று அவளும் சொல்லவில்லை.

ரோண்டா ஹாரனை அமுக்கினாள். நீளமாக, கையை எடுக்காமல். பன்றிகள் தலையைத் தூக்கி எங்கள் பக்கம் பார்த்தன. பெட்டை கொஞ்ச நேரம் பார்த்தது. பிறகு மூக்கைச் சாலில் வைத்து நடக்க ஆரம்பித்தது. மற்றவையும்.

அவள் கையை எடுக்கவே இல்லை.