மணிக்கு மேல் பெத்ருச்செல்லி

அன்புள்ள ஜிந்த்ரா,

உன் கடிதம் நேற்று வந்தது. விறகை எந்த மாதம் வாங்குவது, கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கலாமா, காரின் எண் பலகையை எப்போது மாற்றுவது என்று மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறாய். மூன்றுக்கும் பதிலைத் தனித்தாளில் எழுதி உள்ளே வைத்திருக்கிறேன். நீ கேட்காமல் விட்ட ஒன்றுக்காகத்தான் இந்தக் கடிதம். நீயும் எங்களைப் போல இந்த நாட்டுக்குக் குடிவந்து வீட்டுச் சாவி உன் கைக்கு வந்ததும், கட்டிலைக்கூட இறக்க வேண்டாம், முதலில் வாசல் மணியிலும் தபால் பெட்டியிலும் உன் பெயரை ஒட்டு. காரணத்தை வரிசையாகச் சொல்கிறேன். எனக்கு அலுப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் பாதியாகச் சொன்னால் நீ சிரித்துவிட்டு விட்டுவிடுவாய்.

குடியிருப்புப் பதிவுக்கு நாங்கள் மனுக் கொடுத்தது நவம்பர் நான்காம் தேதி. அந்தப் பதிவு இல்லாமல் இந்த ஊரில் நமக்கென்று ஒரு டாக்டரை ஒதுக்க மாட்டார்கள். டாக்டர் இல்லாமல் என் வீட்டுக்காரர் ஓயார்ஸின் இதய மாத்திரைக்குச் சீட்டு கிடைக்காது. நம் ஊர் ரீகாவிலிருந்து கொண்டுவந்ததில் அன்றைக்கு ஐம்பத்திரண்டு மாத்திரைகள் இருந்தன, நாளுக்கு ஒன்று. ஊராட்சி அலுவலகத்தில் லொரெதானா என்ற பெண் மனுவை வாங்கிக்கொண்டு, நாற்பத்தைந்து நாளைக்குள் ஊர்க் காவலர் வந்து நாங்கள் உண்மையிலேயே அங்கே குடியிருக்கிறோமா என்று பார்ப்பார், சொல்லிவிட்டு வரமாட்டார் என்றாள். மணியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. சொல்லத் தோன்றியிருக்காது. மழைக்குக் குடை பிடி என்று யாராவது சொல்வார்களா?

நம் ஊரில் கதவுக்கு எண்தானே. நான் பிறந்தது பதினேழாம் எண் வீடு, கல்யாணமாகிப் போனது நாற்பத்திரண்டாம் எண். பெயரை வாசலில் எழுதுவது டாக்டரும் வக்கீலும் செய்கிற காரியம் என்றுதான் நினைத்திருந்தோம். இங்கே மணிக்கு மேலே பித்தளைத் தகட்டில் ‘பெத்ருச்செல்லி’ என்று இருந்தது. வீட்டின் பழைய சொந்தக்காரர், இறந்து இரண்டு வருடம் ஆகிறது. கழற்றலாமா என்று நான் கேட்டதற்கு ஓயார்ஸ் ஒத்துக்கொள்ளவில்லை.

“அந்த மனுசன் நாப்பது வருசம் இருந்த வீடு. வந்த மறுநாளே அவர் பேரப் பிடுங்கி எறிஞ்சா நல்லாவா இருக்கும்?”

அதுவும் சரிதான் என்று விட்டுவிட்டேன்.

எங்கள் மேட்டில் இரண்டே வீடுகள். மற்றது எர்சீலியாவுடையது. என்னைவிட நாலைந்து வயது மூத்தவள், தனியாக இருநூறு ஆலிவ் மரங்களை வைத்துக்கொண்டு மல்லாடுகிறாள். பறிப்புக்கு வாருங்கள், எண்ணெய் தருகிறேன் என்று கூப்பிட்டாள். நவம்பர் முழுக்கக் காலை ஏழிலிருந்து இருட்டும் வரை அவள் தோப்பில்தான் இருந்தோம். வலை விரித்து, ஏணி ஏறி, சீப்புக்கோலால் கிளையை வழித்து. சூடு போகாமலிருக்க ஜன்னல்களின் வெளிக்கதவுகளை எல்லாம் சாத்திவிட்டுப் போவேன். வீடு திரும்பினால் சூப் வைக்கக்கூடத் தெம்பு இருக்காது.

டிசம்பர் பத்தாம் தேதி மாத்திரையை எண்ணினேன். பதினாறு. காவலரையும் காணோம், கடிதத்தையும் காணோம். பேருந்து பிடித்து அலுவலகத்துக்குப் போனேன். லொரெதானா கோப்பைத் திருப்பி என் பக்கம் வைத்தாள்.

“ரெண்டு தடவ வந்திருக்காரும்மா. ஜன்னல் எல்லாம் சாத்தியிருக்கு, மணியில வேற பேரு. மனுவத் தள்ளப்போறோம், ஆட்சேபணை இருந்தா பத்து நாளைக்குள்ள எழுதுங்கன்னு கடிதம் போட்டோம். தபால் பெட்டியிலயும் உங்க பேரு இல்லன்னு தபால்காரி திருப்பிக் கொண்டாந்துட்டா.”

பத்தில் எட்டு நாள் போய்விட்டது. இன்னும் இரண்டு. அங்கேயே உட்கார்ந்து ஆட்சேபணையை எழுதிக் கொடுத்தேன். காவலரை வெள்ளிக்கிழமைக்குள் இன்னொரு தடவை அனுப்பச் சொல்கிறேன், அப்போதும் வீட்டில் இல்லையென்றால் முதலிலிருந்து மனுப் போட வேண்டியதுதான் என்றாள். முதலிலிருந்து என்றால் மறுபடி நாற்பத்தைந்து நாள். கோப்பை மூடும்போது கடைசி வரி கண்ணில் பட்டது. ‘அண்டை வீட்டில் விசாரித்ததில், அப்படி யாரையும் தெரியாது என்றார்கள்.’

பேருந்தில் வரும் வழியெல்லாம் அந்த வரியே ஓடியது. கோபம்கூட வரவில்லை, முழங்கால்தான் வலித்தது. மேடேறி நேராக எர்சீலியா வீட்டுக்குப் போனேன். அடுப்பில் பீன்ஸ் வெந்துகொண்டிருந்தது. அவள் மறைக்கவில்லை.

“சீருடையப் பாத்ததும் எனக்குக் கை கால் ஓடல. பேரப் பதியாம ஆள் வச்சுப் பறிக்கிறேன்னு எவனோ எழுதிப் போட்டுட்டான்னு நெனச்சேன். அபராதம் கட்ட நான் எங்க போவேன்? தெரியாதுன்னுட்டேன்.”

“எங்கள ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேக்கா.”

“கேட்டா நீ பயந்து வேலைக்கு வராம நின்னுருவ.” பிறகு கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்: “அவன் வந்து பகல்ல எங்க இருந்தீங்கன்னு கேட்டா என்ன சொல்லப்போற?”

பெயர் ஒட்ட அட்டை தேட வேண்டும் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

அன்றே ஓயார்ஸ் அட்டையை வெட்டி எங்கள் இருவர் பெயரையும் எழுதி, பித்தளைத் தகட்டுக்குக் கீழே ஒட்டினார். தபால் பெட்டியிலும் ஒட்டினார். ஜன்னல்களை எல்லாம் திறந்து வைத்தேன். வியாழன் முழுக்க உட்கார்ந்திருந்தோம். ரொட்டி தீர்ந்துபோயும் கடைக்குப் போகவில்லை. வெள்ளி பகல் பதினொன்றரைக்கு மணி அடித்தது.

காவலர் பெயர் நத்ஸரேனோ, நாற்பது வயதிருக்கும். செருப்பு, பல்துலக்கி, கட்டில், அடுப்பில் இருந்த சட்டி என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். மேஜைமேல் எர்சீலியா கொடுத்த எண்ணெய்த் தகரம் இருந்தது. அதை ஒளித்து வைக்க எனக்குத் தோன்றவே இல்லை.

“நவம்பர்ல ரெண்டு நாள் வந்தேன். எங்கம்மா போயிருந்தீங்க?”

ஓயார்ஸ் என்னைப் பார்த்தார். உள்ளதைச் சொன்னால் அவர் கேள்விக்குச் சரியான பதிலாகிவிடும், எங்கள் வேலையும் முடியும், எர்சீலியாவும் முடிந்தாள். மாத்திரை பதினான்கு இருந்தது.

“நடக்கப் போயிருந்தோம் சார்.”

“ரெண்டு நாளுமா?”

“தினமும் நடப்போம்.”

அவர் என் கையைப் பார்த்தார். விரல் நகமெல்லாம் கறுத்து, மணிக்கட்டு வரை கீறல். அப்புறம் தகரத்தைப் பார்த்தார். எதையோ எழுதினார்.

“நடக்கிறது உடம்புக்கு நல்லதும்மா,” என்றார். “அடுத்த வருசம் கையுறை போட்டுக்கிட்டு நடங்க.”

சனிக்கிழமை எர்சீலியா ஒரு கிண்ணம் பீன்ஸ் கொண்டுவந்தாள். மன்னிப்பு என்ற பேச்சே இல்லை. வாசலில் நின்று அட்டையைப் படித்து, எங்கள் பெயரை உச்சரித்துப் பார்த்தாள், சரியாக வரவில்லை. கடைசி இரண்டு வரிசை பாக்கி, திங்கட்கிழமை வருவீர்களா என்றாள்.

“திங்கட்கிழமை வீட்ல இருக்கோம்க்கா,” என்றேன்.

அவளும் வற்புறுத்தவில்லை. அந்தத் திங்கட்கிழமை பகலெல்லாம் அவள் தோப்பில் ஒற்றைக் கோலின் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. நான் ஜன்னலைச் சாத்தவில்லை.

நேற்று லொரெதானா போன் செய்தாள், பதிவு முடிந்துவிட்டதாம். நாளை வியாழக்கிழமை டாக்டரைப் பார்க்கிறோம். மாத்திரை இன்னும் ஒன்பது இருக்கிறது.

அட்டையை மழை படாமல் கண்ணாடித்தாளில் சுற்றி ஒட்டு. எங்களுடையது இப்போதே மை கலைய ஆரம்பித்துவிட்டது.

உன்,
வெல்தா