மூன்று மாதப் பற்றரி

தவராசா அங்கிள் தன் காரிலிருந்து இழுத்த சிவப்பு வயரைப் பிரணவி வீட்டுக் காரின் பற்றரியில் கவ்வவிட்டு, கறுப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"பற்றரி செத்து..." என்று தொடங்கியவர் வீட்டுப் பக்கம் பார்த்தார். "முழுக்க இறங்கிக் கிடக்கு, பிள்ளை."

பிரணவி தலையாட்டினாள். வெள்ளைச் சேலைத் தலைப்பு எண்ணெயில் படாமல் இடுப்பில் செருகியிருந்தாள். வீட்டுக்குள் அப்பாவின் பெட்டியைச் சுற்றிக் கதிரைகளை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது. ஐயர் பத்து மணிக்கு வருவார். பதினொன்றரைக்குப் பிரேத வண்டி புறப்படும். அதற்குப் பின்னால் அப்பாவின் காரில்தான் போவேன் என்று அம்மா சொல்லிவிட்டாள். காலையிலிருந்து அவள் பேசியது அது மட்டும்தான்.

"இதென்ன, புதுப் பற்றரி." அங்கிள் மூக்குக்கண்ணாடியை உயர்த்தி ஸ்டிக்கரைப் படித்தார். "போட்டு மூண்டு மாசம்தான். சும்மா இறங்காதே. வாறன்டி இருக்கும், றிசீற் கிடக்கோ?"

"தேடிப் பாக்கிறன், அங்கிள்."

"ஏதாவது ஓன்ல விட்டனீங்களோ? லைற், ரேடியோ?"

அவள் கதவைத் திறந்து குனிந்தாள். ஸ்டியரிங்குக்குக் கீழே, அப்பா துளைபோட்டுப் பொருத்திய சுவிச் இருந்தது. பக்கத்தில் ஒட்டுத்தாளில் அவருடைய கையெழுத்து: விசிறி.

சுவிச் கீழே இருந்தது. ஓஃப்.

அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எஞ்சின் சூடானால் ரேடியேட்டர் விசிறி தானாகச் சுழல வேண்டும். சூட்டை உணர்கிற சென்சர் போன வருடம் பழுதானது. அப்பா ஒரு ரிலேயும் இரண்டு மீற்றர் வயரும் வாங்கிவந்து, பற்றரியிலிருந்து நேரே இணைப்பெடுத்தார். இணைப்பைக் கார்த் திறப்போடு சேர்த்துக் கொடுத்தால், திறப்பைத் திருப்பிக் காரை நிறுத்தும்போது விசிறியும் தானே நின்றுவிடும் என்று பிரணவி தாளில் வரைந்து காட்டினாள். "எஞ்சின் நிண்ட பிறகும் ரெண்டு நிமிசம் ஓடோணும் பிள்ளை. அப்பதான் சூடு இறங்கும்" என்றார் அவர். அதற்குப் பிறகு ஒவ்வொரு மாலையும் அவள் வேலையிலிருந்து வந்து காரை விட்டுவிட்டு வீட்டுக்குள் வரும்போது குசினியிலிருந்து ஒரே கேள்விதான். "நிப்பாட்டினியோ?"

வெள்ளிக்கிழமை அவர் கேட்கவில்லை. நெஞ்சு எரியுது என்று பொழுதுபட முன்னமே வெள்ளெனப் படுத்துவிட்டார். கார் கொட்டகையின் தகரத்தில் மழை விழுந்துகொண்டிருந்தது. அவள் காதில் இயர்போன் இருந்தது. ஆறு மணிக்கு அவள் காரை நிறுத்திவிட்டு உள்ளே போனாள்.

அப்பாவுக்குச் சுகமில்லை என்று காரை வீட்டில் விட்டுவிட்டு, சனிக்கிழமை காலை ஷிஃப்டுக்கு அவள் பஸ்ஸில் போனாள். ஏழு மணிக்கு அப்பாவுக்கு நெஞ்சு நோவு கூடியது. இந்த நேரத்தில் றோட்டு வெறுமையாக இருக்கும், பத்து நிமிடத்தில் ஆஸ்பத்திரி, நானே காரை ஓடுகிறேன் என்று அவர் அம்மாவையும் ஏற்றிக்கொண்டு காரில் உட்கார்ந்தார். கார் ஸ்டார்ட் ஆகவில்லை. அதற்குப் பிறகுதான் அம்புலன்ஸைக் கூப்பிட்டார்கள். எல்லாமாக இருபத்தைந்து நிமிடம் போயிற்று என்று அம்மா வந்தவர்களுக்கெல்லாம் சொன்னாள்.

விசிறி பத்து அம்பியர் இழுக்கும். பற்றரி நாற்பத்தைந்து அம்பியர் மணி. ஆறு மணியிலிருந்து நாலரை மணித்தியாலம்; இரவு பத்தரைக்கே முடிந்திருக்கும். நான்கு நாட்களாகப் பிரணவி இந்தக் கணக்கைத்தான் போட்டுக்கொண்டிருந்தாள். வேறெதையும் அவளால் நினைக்க முடியவில்லை. சுவிச் மேலே இருக்கும், யாராவது பார்ப்பார்கள், கேட்பார்கள் என்று காத்திருந்தாள்.

"என்ன பிள்ளை, ஏதும் ஓன்ல கிடக்கோ?"

"இல்லை அங்கிள்."

"அப்ப ஸ்டார்ட் பண்ணு." கார் இருமிவிட்டுப் பிடித்தது. "அரை மணித்தியாலம் நிப்பாட்டாதை, சார்ஜ் ஏறோணும். உங்கட அப்பா காரைத் திருத்தினா எனக்கு ரெண்டு நாள் வேலை." சொல்லிவிட்டு அவர் பொனெட்டின் கீழே கொஞ்ச நேரம் முகத்தை வைத்துக்கொண்டார்.

பிரேத வண்டி மெதுவாகத்தான் போனது. டொமினியன் றோட்டில் ஒவ்வொரு சிக்னலிலும் நின்றது. அம்மா பக்கத்தில் கைகளை மடியில் வைத்து இருந்தாள். எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் பாதியைத் தாண்டியது. பிரணவி குனிந்து சுவிச்சை மேலே தட்டினாள். முன்னால் விசிறி இரைந்தது. முள் மேலே ஏறாமல் நின்றது.

"அம்மா, அண்டைக்கு அப்பா காருக்குள்ள என்ன செய்தவர்?"

அம்மா கண்ணாடிக்கு வெளியே பார்த்தாள். "திறப்பைத் திருப்பினார். டிக் டிக்கெண்டு சத்தம் மட்டும். பிறகு குனிஞ்சு கீழ ஏதோ தட்டினார். நான் நோவுக்குத்தான் குனியிறார் எண்டு நினைச்சன்."

"பிறகு?"

"பற்றரி பழசு எண்டார். அம்புலன்ஸுக்குள்ளயும் அதைத்தான் சொன்னவர். பிள்ளை கேட்டா பற்றரி பழசெண்டு சொல்லு எண்டு."

சிக்னல் பச்சையானது. பிரேத வண்டி நகர்ந்தது. பின்னால் யாரோ ஒருமுறை ஹோர்ன் அடித்தார்கள். அவள் கியரை மாற்றினாள்.

"அம்மா, வெள்ளிக்கிழமை நான்தான் விசிறியை..."

"பற்றரி பழசு" என்றாள் அம்மா.

பிரணவி பிரேத வண்டியின் பின்னால் மயானத்துக்குள் திருப்பினாள்.

கார்த் தரிப்பிடத்தில் ஆட்கள் ஏற்கெனவே இறங்கி, குடைகளை விரித்து நின்றார்கள். தவராசா அங்கிள் பிரேத வண்டியின் பின்கதவருகே போய் நின்று இவர்களைத் திரும்பிப் பார்த்தார். பிரணவி எஞ்சினை நிறுத்தினாள். விசிறி ஓடிக்கொண்டிருந்தது. அவள் சீற் பெல்ற்றைக் கழற்றவில்லை. அம்மாவும் இறங்கவில்லை.

யாரோ கண்ணாடியில் தட்டினார்கள். அம்மா இரண்டு விரலைக் காட்டினாள்.

இரண்டு நிமிடம் போனது. முள் இறங்கியது.

"நிப்பாட்டு" என்றாள் அம்மா.

பிரணவி குனிந்து சுவிச்சைக் கீழே தட்டினாள். விசிறி உடனே நிற்கவில்லை. இரைச்சல் மெலிந்து, இறக்கைகள் ஒவ்வொன்றாகக் கேட்டு, கடைசியாக ஒருமுறை உரசி நின்றது. பிறகு பொனெட்டில் விழும் மழைதான் கேட்டது.

அம்மா கதவைத் திறந்தாள்.