நூற்றுப்பத்துக்கு எழுபது

1

இது எனக்குத் தோன்றிய கதை அல்ல. எனக்குக் கொடுக்கப்பட்ட வேலை. எண்ணூறு வார்த்தை, ஒரு படம், கடைசிப் பத்தியில் நம்பிக்கை.

நாற்பது நாடுகளில் சுகாதாரப் பணி செய்யும் ஒரு நிறுவனத்தில் ஒப்பந்த எழுத்தாளராக இருக்கிறேன். இந்த வருட அறிக்கை, வீடு வீடாகப் போகும் சமுதாய நர்ஸுகளைப் பற்றியது. மாதிரிக்கு மூன்று கதைகள் அனுப்பினார்கள். ஒருத்தி படகில் ஆற்றைக் கடக்கிறாள். ஒருத்தி குதிரையில் மலை ஏறுகிறாள். இன்னொருத்தி முழங்கால் பனியில் நடக்கிறாள். மூன்று பேரும் சிரிக்கிறார்கள். நான்காவதாகச் சிரிக்க வேண்டியவள் எங்கள் பகுதியின் நர்ஸ். என் அக்கா.

எண்ணூறு வார்த்தையையும் எழுதி அனுப்பிவிட்டேன். [பொய். முதல் வரியில் நிற்கிறது.]

என் மேசையில் இன்னொரு எழுத்து வேலையும் இருக்கிறது. அக்காவின் விளக்கக் கடிதம். அவள் பகுதியில் பிள்ளை பெற்ற ஒரு பெண் ஏழாம் நாள் செத்துப்போனாள். ஏன் என்று அக்கா ஒரு பக்கத்துக்கு மிகாமல் விளக்க வேண்டும். நாளைக் காலை பத்து மணிக்கு விசாரணை. எங்கள் வீட்டில் முதல் பட்டம் என்னுடையது. அதனால் தெருவில் யாருக்கு மனு, விண்ணப்பம், மன்னிப்பு எது வேண்டுமானாலும் என் தலையில்தான் விழும். நான் படிப்பதற்காகப் பள்ளிக்கூடத்தோடு நிறுத்திக்கொண்டு ஒன்றரை வருட நர்ஸ் பயிற்சிக்குப் போனவள் அக்கா. அவளுக்கு எழுதாமல் வேறு யாருக்கு எழுதுவது?

இரண்டும் நகரவில்லை. அதனால் யாரும் கேட்காத இந்த மூன்றாவதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

2

தொடக்கம் ஒன்று: "காலை ஏழு மணி. தோளில் பையோடு அவள் இறங்கி நடக்கும்போது தெருவே புன்னகையோடு —"

அடித்துவிட்டேன். தெரு புன்னகைக்கவில்லை. பல் தேய்த்துக்கொண்டிருந்தது.

தொடக்கம் இரண்டு: "உலக சுகாதாரத்தின் கடைசி மைலை நடந்தே கடக்கும் இந்தப் பெண் —"

கடைசி மைல் என்பது நிறுவனத்துக்குப் பிடித்த சொல். எங்கே நின்றுகொண்டு அளந்தால் எங்கள் தெரு கடைசியாகிறது? அக்கா செருப்பு மாட்டும் இடத்திலிருந்து பார்த்தால் அதுதான் முதல் தெரு. இந்த வாக்கியத்தை அறிக்கையில் போட முடியாது. கேட்டுப் பார்த்துவிட்டேன். 'தொனி சற்றுக் கடுமை' என்று ஓரத்தில் குறிப்பு வந்தது.

தொடக்கம் மூன்று: "அக்காவின் பையில் இருக்கும் பிரஷர் பார்க்கும் பட்டை கிழிந்து ஒன்றரை வருடமாகிறது."

இது நிற்கும்.

3

பட்டை முதலில் ஒட்டும் இடத்தில்தான் பிய்ந்தது. காற்று அடித்தால் கையை விட்டுப் பிரிந்துகொள்ளும். புதியது கேட்டு ஐந்து விண்ணப்பங்கள் போயின; ஐந்தையும் எழுதியவள் நான். முதலாவதில் 'பணிவுடன்' மூன்று முறை வரும், ஐந்தாவதில் ஒருமுறைகூட வராது. ஐந்துக்கும் பதில் ஒன்றுதான்: பரிசீலனையில் உள்ளது.

பட்டையைத் தைத்துக் கொடுத்தது செத்துப்போன பெண்தான்.

[இந்த இடத்தில் நான் ஜோடிக்கிறேன் என்று நினைப்பீர்கள். நானாக ஜோடித்திருந்தால் இவ்வளவு கச்சிதமாக வைத்திருக்கமாட்டேன், வெட்கமாக இருந்திருக்கும். அவள் தொழில் தையல். ஐந்தாம் மாதம் பார்க்கப் போனபோது, "என்ன நர்ஸக்கா, எங்க பிரஷரப் பார்க்க வந்துட்டு உங்க பட்டை இப்படி மூச்சு வாங்குது, குடுங்க இங்க" என்று பிடுங்கி மிஷினில் வைத்து ஒரு ஓட்டு ஓட்டினாள். கையில் கிடைத்தது பச்சை நூல். கறுப்புப் பட்டையில் அந்தப் பச்சைத் தையல் இப்போதும் இருக்கிறது. எதிரே கிடக்கிறது.]

தையல் மூன்று மாதம் தாங்கியது. அதற்குப் பிறகு உள்ளே இருந்த ரப்பர் வெடித்தது. அதைத் தைக்க முடியாது. காற்றடித்தால் முள் ஏறும், நிற்காமல் விழும்.

ஆனால் டேப்லெட் கணினியில் பிரஷர் கட்டத்தை நிரப்பாமல் அடுத்த பக்கத்துக்குப் போக முடியாது. மாலை ஐந்துக்குள் நிரப்பாவிட்டால் மேற்பார்வையாளரின் திரையில் அந்த வீடு சிவப்பாகும். அவருக்கு நர்ஸுகள் வைத்த பெயரே 'சிவப்பு'. அதனால் அக்கா முகத்தைப் பார்ப்பாள், கண்ணைப் பார்ப்பாள், காலை விரலால் அமுக்கிக் குழி விழுகிறதா என்று பார்ப்பாள். சந்தேகம் வந்தால் ஆஸ்பத்திரிக்குத் துரத்துவாள். மற்றவர்களுக்கு ஒரே எண்: நூற்றுப்பத்துக்கு எழுபது.

மாதக் கூட்டத்துக்கு ஒருமுறை அக்காவோடு போயிருந்தேன். சாப்பிடும்போது நர்ஸுகள் பேசிக்கொண்டது:

"உன் ஏரியாவுல இன்னும் நூத்திப்பத்து எழுபதுதானா?"

"ஏன், உன்னோடது?"

"நூத்தி இருபது எண்பது. நாங்க கொஞ்சம் வசதியான பார்ட்டி."

"அவளப் பாரு, நூத்திப்பதினெட்டு எழுபத்தாறாம். உண்மை மாதிரியே எழுதுறா, திருடி!"

டிபன் டப்பா மூடிகள் கீழே விழும் அளவுக்குச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு அலுவலகத்தில் நிறுவனத்தின் வரைபடத்தைப் பார்த்தபோது சிரிப்பு வரவில்லை. தாய்மார்களின் ரத்த அழுத்தம், நாற்பது நாடுகள். கோடு எங்கேயும் நடுங்காமல் நேராகப் போகிறது. படகில் போகிறவளின் பட்டை கிழிந்தால் அவள் என்ன எண் எழுதுவாள்? குதிரைக்காரியின் எண் என்ன?*

* நிறுவனத்துக்கு இந்தக் கேள்வியை மின்னஞ்சலில் அனுப்பினேன். 'நல்ல அவதானிப்பு' என்றார்கள்.

4

பிள்ளை பிறந்த ஆறாம் நாள் நடந்தது இது:

அன்று நிறுவனத்தின் வெளிநாட்டு விருந்தினர்கள் சுகாதார நிலையத்துக்கு வந்தார்கள். அக்காவுக்குப் புதிய சீருடை கொடுத்தார்கள். பெட்டி பிரிக்காத புதிய பிரஷர் கருவியும் கொடுத்தார்கள். ஓர் ஆரோக்கியமான பெண்ணை உட்காரவைத்து, அவள் கையில் அக்கா பட்டையைச் சுற்ற, படம் எடுத்தார்கள். அன்றைக்குப் பட்டியலில் தையல்காரியின் வீடு இருந்தது. அக்காவால் போக முடியவில்லை. தையல்காரி போனில் தலைவலி என்றாள். மாத்திரை போடச் சொன்னாள் அக்கா. மாலை நாலு ஐம்பதுக்கு, விழாக் கூடத்தில் நின்றபடியே, டேப்லெட்டில் அவள் பெயருக்கு எதிரே நூற்றுப்பத்து, எழுபது என்று போட்டாள். கருவியைத் திரும்பப் பெட்டியில் வைத்து வாங்கிக்கொண்டு போனார்கள். மறுநாள் காலை ஏழு மணிக்குத் தையல்காரிக்கு வலிப்பு வந்தது. டைல்ஸ் ஒட்டும் வேலை செய்கிற அவள் புருஷன் வண்டி பிடிக்க நாற்பது நிமிடம் அலைந்தான். வழியிலேயே போய்விட்டாள்.

படித்துப் பார்த்தேன். தகவலில் பிழை இல்லை. ஆனால் இந்தப் பத்தியில் ஓர் ஆள் குறைகிறது.

4 (மறுபடியும்)

இந்தக் கதையைச் சொல்கிறவளை நீங்கள் நம்புகிறீர்களா? கோபக்காரி, படித்தவள், அக்காவின் பக்கம் நிற்பவள். நானும் நாலாம் பகுதிவரை நம்பினேன்.

படம் எடுக்க ஒரு நர்ஸ் வேண்டும் என்று நிறுவனம் கேட்டபோது அக்காவின் பெயரைக் கொடுத்தது நான்.

"எனக்கு அன்னைக்கு வீடு பார்க்கிற நாள்டி," என்றாள்.

"ஒரு நாள்தானே அக்கா. உன்ன நாலு பேரு பார்க்கட்டும். அப்படியே பட்டை விஷயத்தையும் நேர்ல சொல்லிடு."

அதற்காகத்தான் வந்தாள். சொல்ல இடம் கிடைக்கவில்லை. பூங்கொத்து கொடுத்துவிட்டு மேடையை விட்டு இறங்கச் சொல்லிவிட்டார்கள்.

படம் எடுத்து முடித்ததும் பக்கத்து அறையில் அவளைப் பேட்டி எடுத்தேன். பதிவு இப்போதும் என் போனில் இருக்கிறது. ஒன்பதாவது நிமிடம் அவள் போன் அடிக்கிறது. அந்தப் பக்கம் பேசுவது கேட்காது. அக்காவின் குரல் மட்டும்:

"சொல்லும்மா... தலைவலியா? எப்பலேருந்து?... புள்ள தூங்கவே விடலயா. அதான்மா, தூக்கம் இல்லாட்டி மண்டை இடிக்கும். ஒரு மாத்திரை போடு. ஆமா, கண்ணு ஏதாச்சும் மங்கலா —"

"அக்கா, ரெக்கார்டிங் ஓடுது. சீக்கிரம்."

இது என் குரல்.

"சரிம்மா. நாளைக்கு மொத வீடு உன் வீடுதான்."

பிள்ளை பெற்றவளுக்குத் தலைவலியோடு கண்ணும் மங்கினால் அது பிரஷர் ஏறியதன் அடையாளம், வலிப்புவரை போகும். அக்காவுக்குத் தெரியும், அதனால்தான் கேட்க ஆரம்பித்தாள். அவளை முடிக்க விடாதது நான். 'உங்களை இந்தப் பணிக்கு ஈர்த்தது எது?' என்ற கேள்வி என் தாளில் அடுத்து இருந்தது.

5

சிவப்பு நேற்று வீட்டுக்கே வந்தார். உட்காரவில்லை.

"என்னம்மா இவ்வளவு யோசனை? பதிவு நார்மல்னு இருக்கு. 'நேரில் சென்று அளந்தேன், இயல்பாக இருந்தது'ன்னு ஒரு வரி. கேஸ் முடிஞ்சுது."

"முடிஞ்சா யார் மேல முடியும் சார்?" என்றேன்.

"யார் மேலயும் இல்ல. கொண்டுவந்ததில் தாமதம்னு டாக்டர் ஏற்கெனவே எழுதிட்டாரு."

"தாமதம்னா அவ புருஷன்தானே?"

அவர் அக்காவைப் பார்த்தார். "தங்கச்சி நல்லாப் படிச்சிருக்கு," என்றார்.

"அளக்கலன்னு எழுதினா?" என்று அக்கா கேட்டாள்.

"போலிப் பதிவு. உங்க வேலை போகும். உங்களோட நிக்காது, மத்த நர்ஸுங்க பதிவையும் நோண்டுவாங்க. அந்தப் பட்டை கதையெல்லாம் வேணாம். அஞ்சு விண்ணப்பம் வந்ததா எங்க ஃபைல்ல இல்ல."

அவர் போனபின் அக்கா தட்டு நிறையச் சோறு போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். ஒரு வாய்கூட வைக்கவில்லை.

"நீயே எழுதுடி. எது சரியோ அத எழுது. நான் கையெழுத்துப் போடுறேன்."

"எனக்குத் தெரியல அக்கா."

"உனக்கே தெரியலன்னா உன்ன எதுக்குடி படிக்க வெச்சேன்?"

திட்டினாளா, நிஜமாகவே கேட்டாளா? எழுதிப் பார்த்தும் பிடிபடவில்லை.

6

முடிவு, முதல் வகை (நிறுவனத்துக்கு): கடந்து வந்த துயரம் அவளை மேலும் உறுதியாக்கியது. இன்று அவள் கையில் புதிய கருவி —

கையில் இல்லை. பெட்டியில் இருக்கிறது. பெட்டி எங்கே என்று தெரியாது.

முடிவு, இரண்டாம் வகை (என் கோபத்துக்கு): விசாரணை அறையில் அக்கா எழுந்து, பச்சைத் தையல் போட்ட பட்டையை மேசைமேல் எறிகிறாள். "இதுல நீங்க அளந்து காட்டுங்க!" அறை அதிர்கிறது. வாசலில் மற்ற நர்ஸுகள் திரண்டு —

திரளமாட்டார்கள். அவர்கள் எல்லோருக்கும் ஓர் எண் இருக்கிறது. அக்காவும் எறியமாட்டாள். அவள் எதையும் எறிந்து நான் பார்த்ததில்லை. இந்த முடிவில் அவள் என் வாயால் பேசுகிறாள்.

முடிவு, மூன்றாம் வகை: [இங்கே ஒரு நாள் கழிந்துவிட்டது.]

7

இப்போது காலை ஒன்பதே கால். இதை அடுப்படியில் நின்றபடி எழுதுகிறேன்.

கடிதம் ஒரு வரி தவிர முடிந்துவிட்டது. 'அன்று நான் அவருடைய வீட்டுக்கு' என்று தொடங்கி, பாதித் தாளுக்கு இடம் விட்டு, கீழே அக்காவின் கையெழுத்து. என்மேல் உள்ள நம்பிக்கையில் முன்பே போட்டுவிட்டாள்.

கிளம்பும் நேரத்தில் கதவு தட்டப்பட்டது. தையல்காரியின் புருஷன், டைல்ஸ்காரர். கையில் குழந்தை. பழகாத கை, தலையைத் தாங்குவதற்குப் பதில் துணியைத் தாங்கியிருந்தார். நகக்கண்ணில் சிமெண்ட்.

"எடை பார்க்கணும்னு அட்டையில தேதி போட்டிருந்துச்சு நர்ஸக்கா. அதான்."

அக்கா பையை இறக்கி, தராசை மாட்டி, குழந்தையைத் தொங்கவிட்டாள். முள் நிற்கும்வரை காத்திருந்தாள். இரண்டாம் முறையும் பார்த்தாள். "மூணு கிலோ, நூத்தி இருபது கிராம்," என்று அட்டையில் எழுதினாள்.

குழந்தையை வாங்கிக்கொண்டும் அவர் போகவில்லை.

"ஒண்ணு கேக்கலாமா? நான் அன்னைக்கு வேலைக்குப் போய்ட்டேன். நீங்க வந்து பார்த்தப்ப பிரஷர் சரியாத்தான் இருந்துதாம், ஆஸ்பத்திரியில காட்டுனாங்க. நூத்திப்பத்துன்னு." எண்ணைப் பாடம் மாதிரிச் சொன்னார். "அப்போ நான் வண்டிக்கு அலைஞ்ச நேரந்தானே? ஒரு கால் மணி முன்னாடி கெடைச்சிருந்தா... நான் மெயின் ரோட்டுக்குப் போகாம எதுத்த வீட்டுக் கதவைத் தட்டியிருக்கணும். சண்டைன்னு தட்டல. அதானே நர்ஸக்கா? நீங்க சொன்னா ஒத்துக்குவேன்."

அக்கா என்னைப் பார்த்தாள்.

என் ஒரு கையில் கடிதம். இன்னொரு கையில் போன். ஒன்பதாவது நிமிடம் அதில் இருக்கிறது. நான், "தண்ணி கொண்டு வர்றேன்," என்று சொல்லிவிட்டு இங்கே வந்துவிட்டேன். குழாயைத் திறந்துவைத்துவிட்டு இதை எழுதுகிறேன். தம்ளர் நிரம்பி வழிந்துகொண்டிருக்கிறது. முன்னறையில் குழந்தை சப்புக் கொட்டுவது கேட்கிறது.

இவ்வளவு நேரம் உட்கார்ந்து படித்தீர்கள். அக்கா பாவம் என்றும், அவன் பாவம் என்றும், இவள் திமிர் பிடித்தவள் என்றும் அவரவர் வசதிக்கு முடிவு செய்திருப்பீர்கள். நல்லது. அந்த அறையில் மூன்றாவது நாற்காலி காலியாக இருக்கிறது. கடிதத்தையும் பேனாவையும் அலமாரிமேல் வைக்கிறேன். போனையும் பக்கத்திலேயே வைக்கிறேன், பூட்டு எடுத்தே இருக்கிறது.

"ஏய், தண்ணி எங்கடி?" அக்கா கூப்பிடுகிறாள்.

தம்ளரைப் பிடியுங்கள். நீங்கள் கொண்டுபோங்கள்.