இரவல் சளி

“நல்லா உள்ளேருந்து இருமித் துப்பு. எச்சி ஆகாதாம், சளிதான் வேணுமாம்” என்று ஆஸ்பத்திரிக் கழிவறைக் கதவுக்குக் காவல் நின்றபடி மாமியார் கிசுகிசுத்தாள்.

மருமகள் கையிலிருந்த டப்பாவில் நாத்தனாரின் பெயர் ஒட்டியிருந்தது.

“இது அவங்க துப்ப வேண்டியதில்லையா அத்தை?”

“அடுத்த மாசம் கல்யாணத்த வெச்சுக்கிட்டு, டிபி கிபின்னு எழுதிட்டா மாப்பிள்ளை வீட்டுக்காரங்க நிப்பாங்களா? நீதான் குத்துக்கல்லு மாதிரி இருக்கியே. துப்பு.”

குத்துக்கல்லுக்கு ஏது சளி என்று அந்த அம்மாள் யோசிக்கவில்லை. மருமகள் இரண்டு மாதமாக அடுப்படியில் இருமுவது பக்கத்து வீட்டுச் சுவருக்குக்கூடத் தெரியும். அது வேலைக்குப் போடும் டிமிக்கி என்பது மாமியாரின் தீர்ப்பு.

டப்பா பரிசோதனைக்குப் போனது. மாமியாருக்குத்தான் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. காய்ச்சலில் கிடந்த மகளின் கட்டிலுக்கும் ஜன்னலுக்குமாக அலைந்தாள். யார் வந்தாலும் ரிசல்ட்டா என்று எட்டிப் பார்த்தாள்.

மறுநாள் நர்ஸ் முகக்கவசத்தை இறுக்கிக்கொண்டு வந்தாள். பின்னாலேயே சக்கர நாற்காலியை உருட்டிக்கொண்டு வார்டு ஊழியர்.

“உங்க பொண்ணுக்கு டிபிம்மா. வழக்கமான மாத்திரைக்கு அடங்காத கிருமி. வேற மருந்து, மாசக்கணக்குல சாப்பிடணும். தனி வார்டுக்கு மாத்தறோம்.”

மகள் விசும்பத் தொடங்கினாள். அடுத்த கட்டில்காரி வலியை மறந்து காதைத் தீட்டிக்கொண்டாள்.

“அது எம் பொண்ணு சளியே இல்ல சிஸ்டர்.”

“பின்ன யாரோடது?”

மாமியாரின் விரல் மருமகள் பக்கம் நீண்டது. “இவளோடது. அம்மா வீட்டுலேருந்து கொண்டாந்திருப்பா. எங்க வம்சத்துல ஒருத்தர் இருமினதில்ல.”

நர்ஸ் மாமியாரை முறைத்தாள். பிறகு மருமகளிடம் கேட்டாள்.

“அம்மா வீட்டுக்குக் கடைசியா எப்பம்மா போனீங்க?”

“போகவே இல்ல சிஸ்டர். கல்யாணமாகி நாலு வருஷம் ஆச்சு. அத்தை ஒரு நாள்கூட அனுப்பல. பார்க்க வந்த அம்மாவையும் வாசலோட திருப்பிட்டாங்க.”

அடுத்த கட்டில்காரி மாமியாரை ஏற இறங்கப் பார்த்தாள்.

“அப்ப வீட்டுல இருக்கற எல்லாருக்கும் டெஸ்ட் எடுக்கணும்” என்றாள் நர்ஸ். “உங்க பொண்ணுக்கு என் கண் முன்னாடி. உங்களுக்கும்தாம்மா.”

மருமகள் யாரையும் கேட்கவில்லை. நாத்தனாருக்காக வந்த நாற்காலியில் போய் உட்கார்ந்து சேலையை ஒதுக்கிக்கொண்டாள்.

மாமியார் பதறினாள். “அடியே, நீ மாசக்கணக்குல இங்க படுத்துக்கிட்டா வீட்டுல யாருடி சமைக்கறது?”

“தள்ளுங்கண்ணே” என்று வார்டு ஊழியரிடம் சொன்னாள் மருமகள்.